இறால்கள் சாகாத புதன்கிழமை

மற்ற வேலைகளில் யாராவது செத்துப்போனால்தான் தலைவலி. நான் பார்த்த வேலையில் யாரும் சாகாமல் போவதுதான் தலைவலி. அப்படி ஒன்றுமே சாகாத ஒரு புதன்கிழமையில் நான் என் அப்பாவைக் கொல்லப் பார்த்தேன். வேண்டுமென்று இல்லை. வேண்டுமென்று செய்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஒழுங்காகச் செய்திருப்பேன்.

எழுபதுகளின் தொடக்கம். போர்ட் பிளேரில் ஹாடோ பக்கம், தகரக் கூரை போட்ட ஒரு சின்ன ஆய்வுக்கூடம். மீன், நண்டு, இறால் இவற்றை ஆராய்வதாகப் பேர். அங்கே எனக்குத் தற்காலிக உதவியாளர் வேலை. (தற்காலிகம் என்றால், மஜும்தார் சாருக்குக் கோபம் வராத வரைக்கும் என்று பொருள்.) திருநெல்வேலியில் விலங்கியல் படித்துவிட்டு, கப்பலில் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே தீவுக்குத் திரும்பி வந்தவள் நான். பட்டம் வாங்கியவள் என்ற தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. ஃபெரியில் யாராவது கூடையில் மீன் கொண்டுவந்தால், கேட்காமலே அதன் லத்தீன் பெயரைச் சொல்வேன். அவர்கள் கூடையைத் தள்ளி வைத்துக்கொள்வார்கள்.

என் பெயர் பேச்சியம்மாள். மஜும்தார் சார் கல்கத்தாக்காரர். அவர் வாயில் அது "மிஸ் பெட்ஸி" ஆகிவிட்டது. எப்போதும் யாருக்கோ துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி ஒரு முகம். நல்ல மனிதர். ஆனால் நல்ல சேதியையும் அவர் சொன்னால் கேட்பவர்களுக்கு அழுகை வரும்.

எங்கள் வீடு துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், பாம்பூஃப்ளாட்டில். தினமும் ஃபெரியில் சாத்தம் வந்து, பாலத்தைக் கடந்து நடந்து வேலைக்குப் போவேன். அந்த வருஷம் மழை பிடித்த பிடி விடவில்லை. மெயின்லேண்டிலிருந்து வரவேண்டிய கப்பல் வரவில்லை. கடைகளில் உருளைக்கிழங்கு இல்லை, வெங்காயம் இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. செருப்பில் பூஞ்சை, புத்தகத்தில் பூஞ்சை. ஊரே ஈரத் துணி மாதிரி கிடந்தது.

பாம்பூஃப்ளாட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தனியார் மரக்கம்பெனி ஒன்றின் யார்டு இருந்தது. அறுத்த பலகைகளைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு பெரிய தொட்டியில் முக்கி எடுப்பார்கள். பூச்சி அரிக்காமல், பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் தொட்டித் தண்ணீரில் ஒரு வெள்ளைத் தூளைக் கரைத்திருப்பார்கள். எல்லோரும் அதை "மர மருந்து" என்றே சொன்னார்கள். தொட்டி நிரம்பினால் வழியும். வழிந்தது பக்கத்து ஓடைக்குப் போகும். அந்த ஓடையில்தான் நிதாய் இறால் பிடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

நிதாய், கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து குடியமர்த்தப்பட்டவர். நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாத மனிதர். அவருடைய ஓடையில் ஒரு காலையில் இறால்கள் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. அடுத்த வாரம் நண்டுகள். பிறகு மிதப்பதற்கு எதுவும் இல்லை. நிதாய் ஒவ்வொரு ஆபீஸாகப் போய் ஒப்பாரி வைத்தார். கடைசியில் அந்த ஒப்பாரி ஒரு காகிதமாகி எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. மர மருந்து இறாலைக் கொல்லுமா, கொல்லும் என்றால் எவ்வளவு கலந்தால் கொல்லும் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

சோதனை சுலபமானது. வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், எல்லாவற்றிலும் நல்ல ஓடைத் தண்ணீர். முதல் ஜாடியில் மருந்தே கிடையாது. அடுத்ததில் துளி, அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம் என்று கூட்டிக்கொண்டே போய், கடைசி ஜாடியில் தாராளமாக. ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணிக்கையில் சின்ன இறால்களை விட்டு, இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். கண்ணாடிக் குச்சியால் மெல்லத் தொட்டுப் பார்த்து, அசைந்தால் உயிர், அசையாவிட்டால் சாவு. எந்த ஜாடியில் பாதிக்குப் பாதி செத்திருக்கிறதோ, அதை வைத்து மருந்தின் கடுமையைச் சொல்லிவிடலாம். இறால்களை நிதாயே தூரத்திலுள்ள வேறொரு ஓடையில் பிடித்துக் கொண்டுவந்தார். "இதுங்க செத்தாத்தான் தீதி, நான் பொழைப்பேன்" என்றார் இந்தியில். (தீதி என்றால் அக்கா. நான் அவரைத் தாதா என்பேன், அதாவது அண்ணன்.) அவர் பேசிய இந்தி அரைவாசி வங்காளம். நான் பேசிய இந்தி அரைவாசி திருநெல்வேலி. எப்படியோ புரிந்தது.

சனிக்கிழமை மாலை சோதனைக்குக் கொஞ்சம் மருந்து வாங்க நான் யார்டுக்குப் போனேன். மேனேஜர் சந்தானம் மெட்ராஸ்காரர். வெள்ளைப் பேண்ட், தலையில் எண்ணெய், உதட்டில் எப்போதும் ஒரு சிரிப்பு.

"ஏம்மா, மரத்துக்குப் போடற மருந்தும்மா இது. அந்தப் பெங்காலி சொல்றான்னு நீங்களும் கெளம்பி வந்துட்டீங்களே. இறாலுக்கு இது டானிக் மாதிரி."

டிரம்மைத் திறந்து ஒரு பாட்டிலில் தூளை அள்ளிப் போட்டார்கள். திறந்ததுமே தும்மல் ஆரம்பித்தது. எனக்கு, அள்ளியவனுக்கு, வாசலில் நின்ற நாய்க்கு. கண்ணில் தண்ணீர் வழிய நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் அக்கரைக்குப் போனாலும் ஆய்வுக்கூடம் பூட்டியிருக்கும். திங்கட்கிழமை கொண்டு போகலாம் என்று பாட்டிலை வீட்டுக்கு எடுத்து வந்தேன். மால்ட் பானத் தூள் அடைத்து விற்கும் கண்ணாடி பாட்டில் அது. அதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் அப்பா மஞ்சள் காமாலையிலிருந்து தேறிக்கொண்டிருந்தார். துறைமுக ஆபீஸில் குமாஸ்தா அவர். ஒரு மாதமாக லீவு, ஒரு மாதமாக உப்பில்லாப் பத்தியம். உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத கீரை, உப்பில்லாத மோர். வாழ்க்கையில் நான் பார்த்த மிகச் சோகமான காட்சி, அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்து, "எம்புட்டு உப்பு கெடக்கு பாத்தியாட்டி" என்று பெருமூச்சு விட்டதுதான். கஞ்சியோடு ஒரு வேளைக்கு மால்ட் பானம். அதனால் எங்கள் வீட்டில் மால்ட் பாட்டில்கள் ஏகத்துக்கும் சேர்ந்திருந்தன.

மருந்து பாட்டிலின் மேல் ஒரு காகிதம் ஒட்டி, பெரிய எழுத்தில் இங்கிலீஷில் விஷம் என்று எழுதி, மண்டையோடு ஒன்றும் வரைந்தேன். (மண்டையோடு எனக்குச் சரியாக வராது. பல்லில்லாத தாத்தா சிரிப்பது மாதிரி இருந்தது.) ஒட்டுவதற்குக் கோந்து இல்லாததால் கஞ்சிப் பசை. வீடு முழுக்க ஒழுகியதால், நனையாத ஒரே இடமான அடுப்புக்கு மேல் பலகையில் வைத்தேன். அம்மாவிடம், "இதத் தொடாத" என்று சொல்லியும் வைத்தேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "நான் ஏன்ட்டி தொடுதேன்?" என்றாள். அவள் காதில் அது எந்த மட்டுக்கு ஏறியது என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கல் உப்பை அம்மியில் வைத்துப் பொடித்தாள். புதன்கிழமையோடு பத்தியம் முடிகிறது, அப்பாவின் கஞ்சியில் தூவ நைசான உப்பு வேண்டும் என்று. மழைக்காலத்தில் உப்பு கசிந்துவிடும் அல்லவா? அவளும் அதை ஒரு மால்ட் பாட்டிலில் போட்டு, நனையாத ஒரே இடத்தில் வைத்தாள். அன்றைக்கே கரப்பான்பூச்சிகள் என் மண்டையோட்டைக் கஞ்சிப் பசைக்காகத் தின்றுவிட்டிருக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் ஃபெரிக்கு நேரமாகிவிட்டது. பலகையில் கை வைத்தேன், பாட்டில் கிடைத்தது, பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். பலகையில் இன்னொரு பாட்டிலும் இருந்ததை நான் பார்க்கவே இல்லை. பட்டம் வாங்கியவளுக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் படும்?

திங்கட்கிழமை ஜாடிகளைத் தயார் செய்தோம். தூளை நிறுத்து, கரைத்து, அளந்து, ஊற்றி, இறால்களை விட்டேன். மஜும்தார் சார் பக்கத்தில் நின்று, "பாவம்" என்றார். செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தேன். எல்லா ஜாடியிலும் எல்லா இறாலும் உயிரோடு இருந்தன. இன்னும் நேரம் இருக்கிறது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஒரு உயிர் இன்னும் சாகவில்லையே என்று நான் மனம் உடைந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை நண்பகலில் முடிவு பார்க்க எல்லோரும் வந்தார்கள். சந்தானம் சலவைச் சட்டையில் வந்திருந்தார். நிதாய் தன் டிங்கிப் படகைத் தானே துடுப்புப் போட்டு, மழையில் நனைந்து வந்து, உள்ளே வரத் தயங்கிக் கதவோரம் நின்றார். நான் கண்ணாடிக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஒவ்வொன்றும் துள்ளியது. கடைசி ஜாடியில், மருந்து தாராளமாகப் போட்ட அந்த ஜாடியில், ஒரு இறால் சட்டையுரித்து, பளபளவென்று புதுத் தோலோடு நீந்திக்கொண்டிருந்தது.

சந்தானம் கைதட்டியே விட்டார். "பாத்தீங்களா? டான்ஸ் ஆடுது! நான்தான் சொன்னேனே, டானிக்குன்னு!"

பிறகு நிதாய் பக்கம் திரும்பி இந்தியில், "இனி எந்த ஆபீஸ் வாசல்லயாவது கம்பெனி மேல பழி சொன்னே, போலீஸ்ல எழுதிக் குடுத்துடுவேன், புரியுதா?" என்றார்.

அந்த வாயாடி மனிதர் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். தன் ஓடையில் மிதந்த இறால்களைத் தன் கண்ணால் பார்த்தவர், இப்போது ஜாடியில் துள்ளும் இறால்களையும் தன் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கண்ணை நம்புவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மஜும்தார் சாருக்குத் திருப்தியில்லை. அவர் மருந்து பாட்டிலைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய் நன்றாக இழுத்து முகர்ந்தார். "சார், தும்மல்..." என்று ஆரம்பித்தேன்.

தும்மல் வரவில்லை. "வாசனையே இல்லையே, மிஸ் பெட்ஸி" என்றார் துக்கத்தோடு.

"குவாலிட்டி சார்" என்றார் சந்தானம்.

நான் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளைத் தூளுக்கு நடுவில், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, ஒரு மிளகாய் விதை இருந்தது.

எங்கள் அம்மி. எங்கள் மிளகாய். எங்கள் உப்பு. இறால்களை இரண்டு நாளாக நான் கொஞ்சம் கூடுதல் உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த நினைப்பு வர ஒரு நொடிகூட ஆகவில்லை. உப்பு இங்கே இருக்கிறது என்றால், மருந்து அங்கே. இன்று புதன்கிழமை. இது அப்பா சாப்பிடுகிற நேரம்.

"அம்மா!" என்று கத்தினேன். "சார், யே நமக் ஹை! ஜஹர் கர் மே ஹை!" இது உப்பு, விஷம் வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். செருப்பில் ஒன்று ஆய்வுக்கூட வாசலிலேயே நின்றுவிட்டது.

ஃபெரி அக்கரையில் இருந்தது. அது திரும்பி வந்து, ஆள் ஏற்றி, சாவகாசமாகப் புறப்படுவதற்குள் என்னென்ன நடக்கலாம் என்று நினைத்துப் பார்த்து நான் படகுத்துறைப் படியில் நின்று அலறினேன். பின்னால் யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நிதாய். "வா தீதி, டிங்கி இருக்கு."

அந்த மழையில், அந்தச் சின்ன டிங்கியில், துறைமுகத்தின் குறுக்கே போனோம். நான் கைக்குக் கிடைத்த தகர டப்பாவால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். நிதாய்க்கு வாய் திரும்பி வந்துவிட்டது. துடுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டு.

"படிச்ச பொண்ணு! உப்பு எது விஷம் எதுன்னு தெரியாத படிப்பு! எல்லாருக்கும் முன்னால என்னைப் பொய்யனாக்கிட்டே!"

"ஆமா தாதா."

"உன் அப்பாவுக்கு எதுவும் ஆகக் கூடாதுன்னு காளிகிட்ட கேட்டுக்கிட்டேதான் வர்றேன். ஆனா எப்படிக் கேக்கறதுன்னு சொல்லு. அது விஷமில்லேன்னு ஆனா உன் அப்பா பொழைப்பார், நான் பொய்யன். விஷம்னு ஆனா நான் யோக்கியன், ஆனா..." அத்தோடு நிறுத்திவிட்டார். துடுப்பு மட்டும் வேகமாயிற்று.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா பாயில் உட்கார்ந்திருந்தார். முன்னால் கஞ்சிக் கிண்ணம் காலியாக இருந்தது. அம்மா விசிறிக்கொண்டிருந்தாள்.

"உப்பு போட்டியாம்மா? உப்பு போட்டியா?"

"ஏட்டி, என்ன கோலம் இது? போட்டேன். ஒரு சிட்டிகைதான் போட்டேன். இன்னுங் கொஞ்சம் போடு, இன்னுங் கொஞ்சம் போடுன்னு மல்லுக்கட்டுதாக. ஒரேயடியா வேண்டாம்னுட்டேன்."

பலகையில் மால்ட் பாட்டில், மேலே கரப்பான் மென்ற காகிதத்தில் மண்டையோட்டின் தாடை மட்டும். எடுத்துத் திறந்தேன். தும்மினேன். அம்மாவும் தும்மினாள்.

"அதான் தொறந்தப்பவும் தும்முனேனா? சளி புடிச்சிருக்குன்னுல்லா நெனச்சேன்" என்றாள்.

"அப்பா, ருசி வேற மாதிரி இல்லையாப்பா? எப்படிப்பா சாப்பிட்டீங்க?"

அப்பாவின் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. "ஒரு மாசமா உப்பு தொடாத நாக்குல்லாட்டி. உப்புன்னா இப்பிடித்தான் எரியும்போலன்னு நெனச்சேன்" என்றார். சொல்லி முடித்ததும் வாசலுக்கு ஓடி வாந்தியெடுத்தார்.

நானும் நிதாயும் அவரைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தோம். அம்மா பின்னால் ஓடி வந்தாள், விசிறி இன்னும் கையில். டிங்கியில் அப்பாவின் தலை அம்மா மடியில். வழியெல்லாம் அப்பா கடலில் வாந்தியெடுத்தார். அம்மா அழவில்லை. "நாந்தான் போட்டேன், நாந்தான் போட்டேன்" என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இல்லம்மா, நாந்தான் கொண்டாந்து வச்சேன்" என்று நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. நிதாய் எங்கள் யாரையும் பார்க்காமல் துடுப்புப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவினார்கள். டாக்டர் நான் கொண்டுபோன பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இது எவ்வளவு விஷம்? எவ்வளவு உள்ளே போனா ஆபத்து?"

"அதைத்தான் சார் நாங்க சோதனை பண்ணிக்கிட்டிருக்கோம்" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "சரி, ரெண்டு நாள் பார்ப்போம்" என்றார். நானும் திங்கட்கிழமை ஜாடிகளைப் பார்த்து அதையேதான் சொல்லியிருந்தேன்.

மாலையில் மஜும்தார் சார் என் ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தார். அப்பாவின் கட்டில் ஓரத்தில் நின்று, பழக்க தோஷத்தில், "அசைவு இருக்கா?" என்று கேட்டார். பிறகு தான் கேட்டது தனக்கே உறைத்து, முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. போகும்போது டாக்டரிடம் கேட்டு, பாட்டிலிலிருந்து கொஞ்சம் தூளைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு போனார். மிச்சமிருந்த இறால்களை வைத்து அவரே திரும்பச் சோதனையைத் தொடங்கிவிட்டார்.

அப்பாவுக்கு உடம்பெல்லாம் நெருப்பாகக் கொதித்தது. ஒரு நேரம் யாரையும் அடையாளம் தெரியாமல், கப்பல் எப்போது கிளம்பும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கட்டில் அருகே நின்று அவர் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை ஜாடி, எத்தனை இறால் என்று வாழ்நாளெல்லாம் எண்ணப் போகிறவளுக்கு, எண்ணுவதற்கு ஒன்றே ஒன்று இருந்தால் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

மறுநாள் காய்ச்சல் தணிந்தது. அப்பா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் மஜும்தார் சார் வேகமாக உள்ளே வந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அந்த முகத்தில் ஒரு ஒளி.

"மிஸ் பெட்ஸி! சப் மர் கயா! கடைசி ஜாடி மட்டுமில்லை, துளி போட்ட ஜாடியில்கூட எல்லாம் போய்விட்டது! மருந்தில்லாத ஜாடி மட்டும் ஜோர்!"

அப்பா என்னைப் பார்த்து மெல்லிய குரலில், "என்ன சொல்லுதாரு?" என்றார்.

"எல்லாம் செத்துப் போச்சாம்ப்பா."

அப்பா தன் கையை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். "அப்ப நான் எந்த ஜாடிட்டி?" என்றார்.

வார்டில் இருந்த தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள், பிறகு மற்றவர்களுக்கு இந்தியில் சொன்னார்கள், அவர்களும் சிரித்தார்கள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நிதாய் வராந்தாவில் நின்றிருந்தார். சேதியைச் சொன்னேன். "உன் அப்பா?" என்று கேட்டார். பிழைத்துவிட்டார் என்றேன். "இறால்?" என்றார். எல்லாம் போய்விட்டன என்றேன். கையை மேலே தூக்கிக் கும்பிட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் அறிக்கை போன பிறகு யார்டுக்காரர்கள் செய்ததெல்லாம் ஓடையோரம் ஒரு குழி வெட்டியதுதான். அந்த மழைக்குக் குழி நிரம்பி, அதுவும் ஓடைக்கே போனது. திரும்ப எழுதினோம். திரும்பப் பதில் வந்தது. சந்தானத்தை மாற்றிவிட்டு இன்னொரு மேனேஜர் வந்தார். அவருக்கும் அதே சிரிப்பு. நிதாய் காத்திருந்து பார்த்துவிட்டு, ஹேவ்லாக்கில் சொந்தக்காரர்களோடு சேர்ந்து நெல் போடப் போய்விட்டார். போகிற அன்று படகுத்துறையில் என்னைப் பார்த்து, "தீதி, வயல்ல இறால் இல்லை, நிம்மதி" என்றார். கம்பெனி நஷ்டத்தில் மூடிப்போய்ச் சில வருஷம் கழித்துத்தான் ஓடையில் மறுபடி இறால் வந்தது. நான் போய்ப் பார்த்தேன். வலையோடு யாரோ வேறு ஆட்கள் நின்றார்கள்.

என் வேலை போகவில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்திலிருந்து நான் ஒரு பென்சில் வெளியே கொண்டு போனாலும் மஜும்தார் சார் கதவுவரை வந்து பார்ப்பார். எனக்கு மாப்பிள்ளை தேடியபோது, எனக்கு முன்னால் என் கதை கப்பலேறி ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. "அப்பனுக்கே மருந்து வச்சவ" என்று ஒரு இடத்தில் நேராகவே சொன்னார்கள். என்னைக் கடைசியில் கட்டிக்கொண்டவர் எல்லாம் தெரிந்தே கட்டிக்கொண்டார். தைரியசாலி என்று அப்பா அவரை எல்லோரிடமும் அறிமுகப்படுத்துவார்.

அப்பாவுக்கு அந்தக் கதை ஒரு சொத்து மாதிரி ஆகிவிட்டது. ஃபெரியில் புதிதாக யாரைப் பார்த்தாலும் சொல்வார். வருஷம் ஆக ஆகக் கிண்ணம் பெரிதாயிற்று. ஒரு சிட்டிகை ஒரு கரண்டியானது. கடைசியில் அரை பாட்டிலைச் சாப்பிட்டுவிட்டு நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார் என்றானது. "இறாலெல்லாம் போச்சு, நான் நிக்கேன்" என்று மார்பில் தட்டிக்கொள்வார். பேரன் பேத்திகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அம்மா சிரித்ததில்லை. கதை ஆரம்பித்தாலே எழுந்து உள்ளே போய்விடுவாள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா வந்த அன்றிலிருந்து, அப்பாவுக்கு எதைக் கொடுப்பதானாலும் முதலில் தான் ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நின்று, அதன் பிறகுதான் கொடுப்பாள். கஞ்சி, மோர், காப்பி, மாத்திரை விழுங்கும் தண்ணீர், எதுவானாலும். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அப்பாவின் இலையிலிருந்து ஒரு விரல் எடுத்து வாயில் வைத்துக்கொள்வாள். "ஏளா, ஊரு பாக்குது" என்பார் அப்பா. அவள் கேட்டதே இல்லை.

அப்பா வயதாகி, பாம்பூஃப்ளாட் வீட்டிலேயே, எந்த விஷமும் இல்லாமல் தூக்கத்தில் போனார். பதினாறாம் நாள் படையல். ஊரிலிருந்து சித்தப்பா வீட்டார் கப்பலில் வந்திருந்தார்கள். அப்பாவின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, சோறு, சாம்பார், அவியல், பாயசம், அவருக்குப் பிடித்த மோர்க் கஞ்சி எல்லாம் பரிமாறினோம். சித்தப்பா சூடத்தைக் கையில் எடுத்தார். அப்போது அம்மா முன்னால் வந்து உட்கார்ந்து, இலையிலிருந்து ஒரு வாய் கஞ்சியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஐயையோ மதினி, படையல எச்சில் பண்ணிட்டியளே!" என்று சித்தி பதறினாள். எல்லோரும் ஆளுக்கொன்றாகப் பேசினார்கள். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியிலேயே அழுகையானது.

அம்மா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடி மெதுவாக மென்று, விழுங்கிவிட்டு, எப்போதும் போலக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"சரியாத்தான் இருக்கு. இனி அவுகளக் கூப்பிடுங்க."